சாணைக்கல்லுக்குப் பாயிண்ட் கிடையாது

"பல்லுக் கல்லை எடுத்தா பல்லு ஆடிரும் மிஸ்ஸி." பினாங்கிலும் கோலாலம்பூரிலும் பல் கிளினிக்கில் தமிழ் பேசி வேலை செய்யும் யாருக்கும் இந்த வாக்கியம் புதிதல்ல (மிஸ்ஸி என்றால் தாதி). சொல்பவர் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டிய அம்மாவாக இருப்பார். பக்கத்து வீட்டு அக்காவுக்கு நடந்ததைக் கண்ணால் பார்த்த உறுதியோடுதான் சொல்வார். நம் பக்கத்திலிருந்து வழக்கமாகப் போகும் பதில், "அதெல்லாம் சும்மாம்மா, வாயைத் திறங்க." இந்தப் பதிலோடு எனக்கு ஒத்துப்போகவே முடியவில்லை. அந்த அம்மா பார்த்தது பொய்யில்லை. அதற்கு அவர் சொல்லும் காரணம்தான் தவறு. சில சமயம் பல் ஆடுவதில் நம் கைக்கும், அதிலுள்ள தீட்டாத கருவிக்கும் ஒரு பங்கு உண்டு என்பதுதான் உறுத்தல்.

முதலில் அவர் பார்த்ததை எடுத்துக்கொள்வோம். கீழ் முன்பற்களின் உள்பக்கம், நாக்குக்கு அடியில் எச்சில் சுரக்கும் வாய்க்கு நேராக, காரை, அதாவது அந்தப் பல்லுக் கல், கெட்டியாகப் படிகிறது. பத்து வருடம் யாரும் தொடாமல் விட்டால் நாலைந்து பற்களும் ஒரே சுவர்போல ஒட்டிக்கொள்ளும். அந்தச் சுவருக்குப் பின்னால் எலும்பு மெல்ல மெல்லக் கரைந்திருக்கும். வலி இருக்காது என்பதால் யாருக்கும் தெரியாது. பல்லைத் தாங்கிக்கொண்டிருப்பது அப்போது பாதி எலும்பு, பாதி காரை. காரையை எடுத்ததும் இரண்டு மூன்று விஷயங்கள் ஒன்றாக நடக்கின்றன. சுவர் போனதால் ஆட்டம் வெளியே தெரிகிறது. வீங்கியிருந்த ஈறு ஒரு வாரத்தில் வற்றிச் சுருங்க, பல்லுக்கு நடுவே கறுப்பு முக்கோணமாய் இடைவெளி தெரிகிறது. நாக்கு அங்கேயே போய்ப் போய்த் தடவிப் பார்க்கிறது. வேர் வெளிப்பட்டதால் ஐஸ் தண்ணீர் சுரீரென்கிறது. மூன்றும் சேர்ந்து "நல்லா இருந்த பல்லைக் கெடுத்துட்டாங்க" என்ற முடிவுக்குக் கொண்டுபோய் விடுகின்றன. அழற்சி அடங்க அடங்க, மிச்சமுள்ள எலும்பு போதுமானதாக இருந்தால், ஆட்டம் குறையவும் செய்யும். அதைப் பார்க்க அவர் மூன்று மாதம் கழித்துத் திரும்பி வர வேண்டுமே!

மலாயில் இந்த வேலைக்குப் பெயர் சுச்சி கிகி, அதாவது பல் கழுவுதல். நாமும் "பல்லு கிளீன் பண்றது" என்கிறோம். கழுவுதல் என்று சொன்ன மாத்திரத்தில் அது மேலோட்டமான வேலை ஆகிவிடுகிறது. ஈறுக்கு அடியில் ஐந்து, ஆறு மில்லிமீட்டர் ஆழத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், விரலின் உணர்வை மட்டும் நம்பிச் செய்யும் சுரண்டலுக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

மெருகேறிய காரை

திரும்பி வருபவர்களில் இன்னொரு வகையினர் இருக்கிறார்கள். சொன்னபடி இரண்டு வேளை பல் துலக்குகிறார்கள், பல்லிடுக்குக்குச் சின்ன பிரஷ் வாங்கியிருக்கிறார்கள், ஆனாலும் அதே கடைவாய்ப் பல்லின் பின்பக்கத்தில் ரத்தம். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவிலுள்ள ஈறுப்பையின் ஆழம் அன்று 6 மில்லிமீட்டர், இன்றும் 6. இங்கே "வீட்டில் சரியாகத் துலக்கவில்லை" என்று அட்டையில் எழுதுவது எளிது. நீரிழிவு கட்டுக்குள் இல்லை என்றும் எழுதலாம். மலேசியாவில் மற்ற இனத்தவரைவிட நம்மவர்களிடம் நீரிழிவு அதிகம் என்பதால் பல சமயம் அது உண்மையும்கூட. ஆனால் இரண்டையும் எழுதுவதற்கு முன் பார்க்க வேண்டியது தட்டில் கிடக்கும் கியூரெட்டை, ஈறுக்கு அடியில் காரையைச் சுரண்டும் கைக்கருவியை.

மழுங்கிய கியூரெட் காரையைப் பெயர்ப்பதில்லை. மேலே சறுக்கிப் போகிறது. ஒவ்வொரு இழுப்புக்கும் காரையின் மேற்பரப்பு கொஞ்சம் வழுவழுப்பாகிறது, அடிப்பகுதி வேரோடு ஒட்டியபடியே இருக்கிறது. ஐம்பது இழுப்புக்குப் பிறகு எக்ஸ்ப்ளோரர் என்ற மெல்லிய கம்பியை விட்டுத் தடவினால் சொரசொரப்பே இருக்காது. சுத்தமாகிவிட்டது என்று விரல் சொல்லும், நாமும் நம்பி அடுத்த பல்லுக்குப் போவோம். மெருகேறிய காரை என்பது இதுதான். விட்டுப்போன சாதாரணக் காரையைவிட இது மோசம். அதையாவது அடுத்த முறை தடவிக் கண்டுபிடிக்கலாம். மெருகேறியதைத் தொட்டுணரவும் முடியாது, மழுங்கிய முனையால் எடுக்கவும் முடியாது. அதை எடுக்க மூன்று வேண்டும்: கூரான விளிம்பு, பல்லுக்கும் பிளேடின் முகத்துக்கும் (இரு விளிம்புக்கும் நடுவிலுள்ள தட்டைப் பரப்புக்கும்) நடுவே 60 முதல் 80 டிகிரிக் கோணம், காரையின் ஓரத்தில் கடித்துப் பிடித்தபின் ஒரே அழுத்தமான சின்ன இழுப்பு. ஓரம் ஓரமாகச் சீவிக்கொண்டு போனால் மறுபடி மெருகுதான் ஏறும்.

மெஷின் இருக்கிறதே, கையால் சுரண்டுவது எதற்கு என்பார்கள். அதிர்வால் காரையைப் பெயர்க்கும் அந்த அல்ட்ராசோனிக் மெஷினின் முனையும் தேய்கிற பொருள்தான். நுனி 1 மில்லிமீட்டர் தேய்ந்தால் திறனில் கிட்டத்தட்ட கால் பங்கு போய்விடும், 2 மில்லிமீட்டர் தேய்ந்தால் பாதி. அப்போது தூக்கிப் போட வேண்டும். முனையோடு வரும் அளவு அட்டையில் வைத்துப் பார்த்தால் பத்து விநாடியில் தெரிந்துவிடும். பெட்டி பிரித்த அன்றே அந்த அட்டையைக் குப்பையில் போட்டுவிடும் கிளினிக்குகள் நிறைய. தேய்ந்த முனையும் காரையை மெருகேற்றும், சத்தம் மட்டும் பழையபடி கேட்டுக்கொண்டிருக்கும்.

ஆக, ஆறு மாதத்துக்கொரு முறை "கிளீனிங்" செய்தும் பல் ஆடுகிறது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு நடந்தது இதுவாகவும் இருக்கலாம். செய்தார்கள், ஆனால் அடியில் செய்யவில்லை. இவ்வளவு யோசித்த பிறகு "அதெல்லாம் சும்மாம்மா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குச்சி சொல்லும் தீர்ப்பு

சோதிப்பதற்கு ஒரு அக்ரிலிக் குச்சி போதும், பென்சில் பருமன் இருக்கும். கியூரெட்டைப் பல்லில் வைப்பதுபோலவே அதில் வைத்து லேசாக அழுத்த வேண்டும், இழுக்கக்கூடாது. கூராக இருந்தால் விளிம்பு குச்சியைக் கடித்துக்கொண்டு நிற்கும், எடுக்கும்போது மெல்லிய "டிக்" ஒன்று கேட்கும். மழுங்கியிருந்தால் சத்தமே இல்லாமல் வழுக்கும். விளக்குக்குக் கீழே திருப்பிப் பார்த்தும் சொல்லலாம். கூரான விளிம்பு ஒரு கோடு, அதற்கு அகலம் இல்லை, ஒளியைத் திருப்பி அனுப்பாது. மழுங்கிய விளிம்பு வளைந்த பரப்பு, அதில் வெள்ளிக் கம்பிபோல ஒரு பளபளப்பு ஓடும். கிளினிக்கில் அன்றாடம் புழங்கும் ஒரு செட்டை எடுத்து ஒவ்வொன்றாகக் குச்சியில் வைத்துப் பாருங்கள். எத்தனை கடிக்கிறது, எத்தனை வழுக்குகிறது என்று எண்ணிப் பார்க்கும் அந்த ஐந்து நிமிடத்தில், நோயாளியின் பிரஷ்ஷைக் குறை சொல்லும் பழக்கம் கொஞ்சம் ஆட்டம் காணும்.

சாணை பிடிப்பதைப் படிப்புக் காலத்தில் எல்லோரும் ஒரு முறை செய்திருப்போம். தவறு எங்கே வருகிறது என்றால், கோணத்தில். கிரேசி கியூரெட்டின் பிளேடு முகம் கடைசித் தண்டுக்கு (பிளேடை ஒட்டிய தண்டுப் பகுதிக்கு) செங்குத்தாக இல்லை, 60 முதல் 70 டிகிரி சாய்ந்திருக்கும். அதனால் இரண்டு விளிம்பில் தாழ்ந்திருக்கும் ஒன்றுதான் வெட்டும், அந்த ஒன்றைத்தான் தீட்ட வேண்டும். யுனிவர்சல் கியூரெட்டில் முகம் 90 டிகிரி, இரண்டு விளிம்பும் வேலை செய்யும். இதை மறந்து கிரேசியின் இரண்டு பக்கத்தையும் தீட்டினால் பிளேடு பாதி ஆயுளில் இளைத்துவிடும். எது தாழ்ந்த விளிம்பு என்று தெரிய, கடைசித் தண்டைத் தரைக்குச் செங்குத்தாகப் பிடித்து நுனியை உங்களைப் பார்க்க வையுங்கள். சரிந்து கீழே நிற்கும் பக்கம்தான் அது.

பிறகு பிளேடின் முகம் தரைக்கு இணையாக வரும்வரை தண்டைச் சாய்த்து, முழங்கையை மேசை ஓரத்தில் ஊன்றிக்கொள்ள வேண்டும். கியூரெட் அசையக்கூடாது, கல்தான் அசைய வேண்டும். கல்லை முகத்துக்கு நேர் செங்குத்தாக, கடிகாரத்தின் 12-ஐப் பார்த்து வைத்து, மேல்முனையை இரண்டு மூன்று நிமிடக் கோடு அளவுக்கு வெளிப்பக்கம் சாய்த்தால் முகத்துக்கும் கல்லுக்கும் நடுவே 100 முதல் 110 டிகிரி கிடைக்கும். அப்போதுதான் பிளேடின் உள்கோணம் 70 முதல் 80 டிகிரிக்குள் நிற்கும். சாய்க்காமல் 90-இலேயே தீட்டினால் விளிம்பு பருத்துவிடும், கடிக்காது. அதிகம் சாய்த்தால் பிளேடு காகிதமாய் மெலியும். முதல் இரண்டு பல்லுக்குப் பிரமாதமாகக் கடித்து மூன்றாவதில் மழுங்கும். தண்டை ஒட்டிய குதிகாலில் தொடங்கி, நடுப்பகுதி, நுனி என்று மூன்று துண்டாகச் சின்னச் சின்ன மேல் கீழ் அசைவுகள். நுனி வளைவைச் சுற்றி வர மறந்தால் வட்ட நுனி கூம்பாகி, கியூரெட் சிக்கில் என்ற கூர்நுனிக் கருவிபோல ஆகிவிடும்; அது ஈறைக் கிழிக்கும். ஒவ்வொரு துண்டையும் கீழ்நோக்கிய அசைவில் முடிக்க வேண்டும், மேல்நோக்கி முடித்தால் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத பிசிர் நிற்கும். அரிவாள்மனை தீட்டிய அம்மாமார்களுக்கு இந்தப் பிசிர் நன்றாகத் தெரியும்.

கல்லைப் பற்றிச் சுருக்கமாக: அர்க்கான்சா கல் இயற்கையானது, நைசானது, எண்ணெய் வேண்டும். இந்தியா கல் செயற்கை, கொஞ்சம் முரடு, அதற்கும் எண்ணெய்தான். செராமிக் கல்லுக்குத் தண்ணீர் போதும், காய்ந்தும் தீட்டலாம். அன்றாட வேலைக்கு நைசான செராமிக் ஒன்று இருந்தால் போதும். விளிம்பு முழுதாக மழுங்கும்வரை காத்திருந்து முரட்டுக் கல்லில் தேய்ப்பதைவிட, ஒவ்வொரு உபயோகத்துக்குப் பிறகும் நைசான கல்லில் நாலு அசைவு கொடுத்தால் பிளேடு நீண்ட நாள் உழைக்கும். ஆட்டோகிளேவ் செய்த பிறகு தீட்டி, மறுபடி ஆட்டோகிளேவ் செய்வதுதான் சரியான வரிசை. ரத்தம் பட்ட கருவியைத் தீட்டும்போது கை வெட்டிக்கொண்டால் அதற்கு வைத்தியம் வேறு. பிளேடு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மெலிந்துவிட்டால் தயக்கமில்லாமல் ஒதுக்கிவிட வேண்டும். மெலிந்த நுனி ஈறுக்குள் முறிந்தால் எக்ஸ்ரே எடுத்துத் தேட வேண்டிவரும். ஒரு கியூரெட்டின் விலையை மிச்சம் பிடிக்கப் போய் அந்த நிலைமைக்கு யாரும் ஆளாக வேண்டாம்.

யார் கையில் இந்தக் கருவி

இந்த வேலை நம் ஊருக்குப் புதிதல்ல. பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது 1949-இல். 1921-இல் நியூசிலாந்தின் வெலிங்டனில் தொடங்கிய பள்ளிப் பல் தாதித் திட்டம்தான் அதற்கு மாதிரி: பள்ளிப் பிள்ளைகளின் சொத்தையை அடைப்பது, பால்பல்லைப் பிடுங்குவது, துலக்கச் சொல்லிக்கொடுப்பது. அமெரிக்காவில் ஹைஜீனிஸ்ட், அதாவது பல் சுத்தம் செய்வதையே தொழிலாகக் கொண்டவர், வேறு வழியில் வந்தார். கனெக்டிகட்டின் பிரிட்ஜ்போர்ட் ஊரில் ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் என்ற பல் டாக்டர் 1906-இல் தன் உதவியாளர் ஐரீன் நியூமனுக்குப் பல் சுத்தம் செய்யக் கற்றுக்கொடுத்தார். 1913-இல் பள்ளி வைத்தார். அங்கே குறி பல்லைச் சுத்தம் செய்து நோயைத் தடுப்பது. நமக்கு வந்து சேர்ந்தது நியூசிலாந்து வழி. ஹைஜீனிஸ்ட் என்று தனிப் பட்டமில்லாமல், பல் தாதி என்ற பெயரோடு இங்கே தலைமுறைகள் வேலை செய்ததற்கு இதுதான் பின்னணி. இப்போது அந்தப் பெயர் ஜூருதெராபி பெர்கிகியான், அதாவது பல் தெராபிஸ்ட். எஸ்பிஎம் என்ற பள்ளி இறுதித் தேர்வு முடித்து மூன்று வருட டிப்ளோமா. 2018-ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டம் 2022 ஜனவரி 1 அன்று நடப்புக்கு வந்த பிறகு, அரசாங்க வேலைக்கு வெளியே தனியார் கிளினிக் கதவும் திறந்திருக்கிறது.

பெரியவர்களின் ஈறு வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு பீரியோடோண்டிக்ஸ் (ஈறு சிகிச்சை) போஸ்ட் பேசிக் என்ற மேற்பயிற்சி உண்டு. ஸ்பெஷலிஸ்ட் டாக்டரின் கண்காணிப்பில் ஆழமான ஈறுப்பைகளில் கை பழகுவது அங்கேதான். கடல் தாண்டிப் போக நினைத்தால் சிங்கப்பூரில் ஹைஜீனும் தெராபியும் சேர்ந்த ஒரே டிப்ளோமா, ஆஸ்திரேலியாவிலும் இரண்டும் கலந்த பட்டம். அங்கெல்லாம் நம் டிப்ளோமாவை மட்டும் காட்டி வேலைக்குச் சேர்ந்துவிடலாம் என்று கிளம்புபவர்கள் முதலில் அந்தந்த நாட்டு வாரியத்தின் விதியைப் படித்துவிட்டு டிக்கெட் போடுவது நல்லது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கதிரைக்குப் பக்கத்தில் நின்று சக்ஷன் பிடிக்கும் டிஎஸ்ஏ (பல் மருத்துவ உதவியாளர்) தங்கச்சியிடம், "டாக்டர் பிஸி, நீயே கொஞ்சம் சுரண்டிவிடு" என்று ஸ்கேலரைக் கொடுப்பது தவறு. அவள் அதற்குப் படிக்கவும் இல்லை, பதிவும் இல்லை. மாட்டிக்கொண்டால் நிற்பது அவள்தான்.

சிபிடி பாயிண்ட், அதாவது வேலையில் இருந்தபடியே தொடரும் படிப்புக்குக் கிடைக்கும் புள்ளி, அந்த விஷயத்துக்கு வருகிறேன். வெபினார் ஒன்று, மாநாடு ஒன்று, கம்பெனிக்காரர்கள் நடத்தும் மதிய விருந்து உரை ஒன்று என்று பாயிண்ட் சேர்ந்துவிடுகிறது. தலைப்புகள் லேசர், அலைனர், வெண்மையாக்கல். கேட்பதில் தப்பில்லை. ஆனால் திங்கட்கிழமை காலை கதிரையில் உட்காருபவரின் வாயில் அதில் எவ்வளவு போய்ச் சேர்கிறது? எனக்குத் தெரிந்து காலத்துக்கும் பயன்படுகிற படிப்பு சில உண்டு. 2018-இல் வெளியான ஈறுநோய் வகைப்பாடு ஒன்று: நோயை நாலு கட்டமாகவும் மூன்று தரமாகவும் பிரிக்கிறார்கள், ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 7 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், அல்லது நாளைக்குப் பத்து சிகரெட்டோ அதற்கு மேலோ பிடித்தால், வேகமாகப் பரவும் தரத்தில் வைக்கச் சொல்கிறார்கள். நீரிழிவு உள்ளவரிடம் கடைசி ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் பழக்கம் இதிலிருந்து வர வேண்டும். இம்ப்ளாண்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேர்) பராமரிப்பு இன்னொன்று: சாதாரண எஃகுக் கியூரெட் டைட்டானியத்தைக் கீறிவிடும், கீறிய இடத்தில் படலம் சீக்கிரம் பிடிக்கும், அதற்கென்று உள்ள கருவிதான் வேண்டும்.

எல்லாவற்றையும்விட நான் கேட்பது அளவெடுக்கும் கையை ஒருமுகப்படுத்தும் பயிற்சி. ஈறுப்பையின் ஆழத்தை அளக்கும் குச்சியான புரோபை உள்ளே விடும் அழுத்தம் 20 முதல் 25 கிராம்தான் இருக்க வேண்டும். சமையலறைத் தராசில் புரோப் நுனியை அழுத்திப் பார்த்தால் நம் கை எவ்வளவு கனம் என்று தெரிந்துவிடும். பலருக்கு நாற்பது, ஐம்பது காட்டும். அந்தக் கையால் எடுத்த 6-ஐயும் இன்னொருவர் மெல்ல எடுத்த 5-ஐயும் ஒப்பிட்டு "முன்னேற்றம்" என்று எழுதுவதில் பொருளில்லை. இதற்கும் சாணைக்கும் ஒரு மதியம் ஒதுக்கி, எட்டுப் பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கல்லோடு செய்கிற வகுப்பை எங்கே பார்த்தாலும் பணம் கட்டிச் சேருங்கள். பாயிண்ட் கொடுக்காவிட்டாலும் சேருங்கள்.

கட்டைவிரலும் மல்லிகைச் சரமும்

மழுங்கிய கருவியின் இன்னொரு கணக்கு நம் கையில் விழுகிறது. கடிக்காத விளிம்பைக் கடிக்க வைக்க இரு மடங்கு அழுத்துகிறோம். அழுத்தம் முழுவதும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள கிள்ளுப் பிடியில் போய்ச் சேரும். மரத்துப்போவது, ராத்திரி எழுந்து கையை உதறுவது, கட்டைவிரல் அடிமூட்டு வலி என்று படிப்படியாக வரும். வேலையில் கெட்டிக்காரர்களாக இருந்தும் கைக்காகவே கவுண்டர் வேலைக்கு மாறியவர்கள் உண்டு. கைப்பிடி 10 மில்லிமீட்டர் பருமனும் 15 கிராமுக்குள் எடையும் உள்ள கருவி, ஊன்றுவதற்குப் பக்கத்துப் பல்லில் மோதிரவிரல், விரலால் இழுக்காமல் மணிக்கட்டும் முன்கையும் சேர்ந்து புரளும் அசைவு: மூன்றும் உதவும். ஆனால் விளிம்பு மழுங்கியிருந்தால் மூன்றாலும் பயனில்லை.

வேலைக்கு வெளியே என்ன பிடிக்கும் என்பதும் இங்கே வந்து சேர்கிறது. பொழுதுபோக்கு அவரவர் விருப்பம் என்றாலும், இந்தத் தொழிலில் இருப்பவர் அதைக் கையின் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்கு மல்லிகைச் சரம் கட்டுவது, மாவை இரு விரலில் கிள்ளிப் புள்ளிக்கோலம் போடுவது, ஆரி வேலை, குரோஷே எல்லாமே அதே கிள்ளுப் பிடி. பகல் முழுக்கச் சுரண்டிய தசையை ராத்திரியும் வேலை வாங்குகிறோம். விட வேண்டும் என்று சொல்லமாட்டேன், விடவும் மனசு வராது. பத்து நோயாளி பார்த்த நாளில் வேண்டாம், விடுமுறை நாளில் அரை மணி நேரம், நடுவில் கையை விரித்து நீட்டி. அதற்கு எதிராகச் செயல்படும் பழக்கம் ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். குனிந்தே இருக்கும் கழுத்துக்கும் சுருண்டே இருக்கும் தோளுக்கும் நீச்சல் நல்லது. விரல் விரிகிறது, முதுகுத் தசை வேலை செய்கிறது. பினாங்கில் இருப்பவர்களுக்குத் தண்ணீர்மலைப் படிக்கட்டு இருக்கிறது. காலையில் கை வீசி, தலை நிமிர்ந்து ஏறி இறங்குவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. நாம் ஊர் முழுக்க ஆடும் பேட்மிண்டன் மட்டும், முழங்கை வலி ஆரம்பித்திருந்தால், கொஞ்ச நாள் பொறுக்கலாம்.

வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்

அந்த அம்மாவிடம் திரும்ப வருகிறேன். கண்ணாடியை அவர் கையில் கொடுத்து, புரோபின் கறுப்புப் பட்டையைக் காட்ட வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புரோபில் அது 3.5 மில்லிமீட்டரில் தொடங்கி 5.5-இல் முடியும். "இந்தக் கறுப்பு முழுசா வெளியே தெரிஞ்சா நல்லதும்மா. உங்களுக்கு இந்தப் பல்லுல அது முழுக்க உள்ளே போயிடுது, பாருங்க. எலும்பு அவ்வளவு இறங்கியிருக்கு. கல்லை எடுத்ததும் ஒரு வாரம், பத்து நாள் பல்லு நீளமா தெரியும், இடைவெளி விடும், ஐஸ் தண்ணி குடிச்சா கூசும். கொஞ்சம் ஆடுற மாதிரியும் இருக்கும். பயப்படாதீங்க. ஈறு வத்துறதாலதான் அப்படி. மூணு மாசம் கழிச்சு வாங்க, இதே பல்லுல இதே குச்சியால அளந்து காட்டுறேன்." தமிழில் இதைச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகாது. சொன்னதெல்லாம் நடக்கும்போது அவருக்கு அது ஏமாற்றமாகத் தெரியாது, மிஸ்ஸி முன்னாடியே சொன்னது என்று தெரியும்.

அதன்பிறகு பின்பற்களின் பின்பக்கத்துக்கான 13/14 கிரேசியை எடுத்து, தொடங்கும் முன் ஒருமுறை அக்ரிலிக் குச்சியில் வைத்துப் பாருங்கள், கடிக்கிறதா என்று.